ரோமாபுரிக்குச் செல்லும் வழி

ஈப்போ நகரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு ஐரோப்பா செல்வது இன்று அரிய செய்தியன்று. பாட்டனார் பால்மரம் சீவினார். தந்தையார் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியரானார். மகன் பொறியியல் பயின்று, ஓய்வுபெற்ற பெற்றோரை ரோமாபுரிக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுகிறான். மலேசியக் கடப்பிதழ் உடையோர் தொண்ணூறு நாள்களுக்கு உட்பட்ட சுற்றுலாவுக்காக இத்தாலி செல்ல விசா பெறவேண்டியதில்லை. பணமும் விடுப்பும் இருந்தால் பயணச்சீட்டு வாங்குவதே எஞ்சிய வேலை. மூன்று தலைமுறைக்குள் நிகழ்ந்த இந்த ஏற்றத்தைக் கண்டு மகிழாதவர் தம் இனத்தின் மேல் அன்பில்லாதவரே.

ஆயினும், இத்தகைய பயணத்தைப் பற்றி எழும் இரண்டு குரல்கள் மறுக்கப்படவேண்டியவை. “தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரோமாபுரியில் என்ன வேலை? அது வெள்ளைக்காரன் பெருமை. அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்தால் புண்ணியமாவது சேரும்” என்பது ஒன்று. “பத்து நாளில் ஏழு நாடு, காலையில் இட்டிலி, இரவில் சோறு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு படம்” என்பது மற்றொன்று. முன்னது வீட்டை விட்டுப் புறப்படாதே என்கிறது. பின்னது புறப்பட்டும் எதையும் பாராதே என்கிறது. வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் இரண்டும் ஓரிடத்திலேயே கூடுகின்றன. ரோமாபுரிக்கும் தமிழருக்கும் தொடர்பில்லை என்ற அறியாமையே அந்த இடம்.

மிளகும் நூலும்

தொடர்பு இல்லையா? சங்கப் பாடல்கள் யவனர் என்று சுட்டும் மேலைக்கடல் மாந்தர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட முசிறித் துறையைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் கற்பிக்கின்றனர். அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில் ரோமானியரின் மட்கலங்கள் வெளிப்பட்டன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் ரோமானியப் பொற்காசுக் குவியல் ஒன்று கிடைத்தது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணய மதிப்புள்ள செல்வத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற அறிஞர் குறைபட்டுக்கொண்டார். வகுப்பறைச் செய்தி பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சென்ற மிளகு எங்கே இறங்கியது என்ற வினா எழுவதேயில்லை.

அது இறங்கிய இடம் இன்றும் இருக்கிறது. ரோமாபுரியின் பழைய மன்றத்தருகே, தொமித்தியன் என்ற பேரரசன் (கி.பி. 81-96) மிளகுக்கும் பிற நறுமணப் பொருள்களுக்கும் ஒரு பண்டகசாலை கட்டினான். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன்மேல் மக்சென்சியன் பேரவை மண்டபம் எழுந்தது. மண்டபத்தின் அடியில் பண்டகசாலையின் எச்சங்கள் கிடக்கின்றன. கி.பி. 408இல் அலாரிக் என்ற கோத்தியர் தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டு மீட்புத்தொகை கேட்டபோது, பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு பேரரசின் உயிருக்கு விலை பேசப்பட்ட வேளையில் தென்னாட்டு விளைபொருளும் தராசில் ஏறியது. இதை அறிந்தவனுக்கு அந்த மண்டபம் ஒரு செங்கற் குவியல் ஆகாது. அறியாதவனுக்கோ அது படம் எடுக்கும் பின்னணி மட்டுமே.

மிளகைவிடப் பெரிய உறவு ஒன்றும் உண்டு. 1577இல் ரோமாபுரியில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்து, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு தமிழ் உரைநடை எழுதினார். அவருக்குப்பின் இத்தாலியின் வடபுலத்திலிருந்து வந்த பெஸ்கி, வீரமாமுனிவர் ஆனார், தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். மலேசியத் தமிழ் மாணவனுக்கு இப்பெயர்கள் புதியன அல்ல. ஆனால் அவன் மறந்துவிட்ட ஒரு பெயர் இன்னும் நெருக்கமானது.

யாழ்ப்பாணத்தில் 1913இல் பிறந்த தனிநாயக அடிகள் 1930களில் ரோமாபுரியில் சமயக் கல்வி பயின்றவர். அங்கேயே குருப்பட்டம் பெற்றவர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழக் காரணமாக இருந்தவரும் அவரே. அன்தாம் தெ புரொயன்சா என்ற போர்த்துக்கேயத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களைக் கொண்ட அந்த நூலை 1966ஆம் ஆண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகத் தனிநாயக அடிகள் மீண்டும் உலகுக்கு அளித்தார். ரோமாபுரியில் உறங்கிய தமிழ் கோலாலம்பூரில் விழித்தெழுந்தது. இதன் பின்னரும் ‘ரோமாபுரியில் தமிழனுக்கு என்ன வேலை’ என்று கேட்பவர், தம் வீட்டு வரலாற்றைத் தாமே அறியாதவர் ஆவார்.

மாட்டுமேய்ச்சல் நிலம்

முதற்குரலுக்கு விடை இது. இரண்டாம் குரலுக்கு விடை சொல்ல, ரோமாபுரியின் கற்களை வேறொரு கண்ணால் நோக்கவேண்டும்.

கி.பி. 80இல் திறப்புவிழாக் கண்ட கொலோசியம் அன்றுமுதல் இன்றுவரை போற்றிக் காக்கப்பட்டது என்று எண்ணுவது பிழை. நிலநடுக்கத்தில் சரிந்த அதன் கற்களைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் பெயர்த்துச் சென்று அரண்மனைகளும் கோயில்களும் கட்டினர். உலகை ஆண்ட மன்றத்தில் மண்மேடிட்டு, புல் முளைத்து, மாடுகள் மேய்ந்தன. அதற்கு வழங்கிய பெயரே ‘மாட்டு வெளி’ என்பதாகும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சிலர் முறையாகத் தோண்டத் தொடங்கிய பின்னரே அந்த இடம் மீண்டும் வரலாறு ஆயிற்று. ரோமாபுரி தானாகவே நிலைத்து நின்றுவிடவில்லை. நிலைக்கவேண்டும் என்று முடிவெடுத்த மனிதர் இருந்ததால் நிலைத்தது.

நகரின் தென்பகுதியில் தெஸ்தாச்சியோ என்று ஒரு குன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 35 மீட்டர். அது இயற்கைக் குன்றன்று. எண்ணெய் கொணர்ந்த மண்சாடிகளை உடைத்து உடைத்துக் கொட்டியதால் எழுந்த குப்பைமேடு. அந்த ஓடுகளின்மேல் மை கொண்டு எழுதிய வணிகர் பெயர், எடை, ஆண்டு முதலியவற்றை அறிஞர்கள் படித்து, ஒரு பேரரசின் உணவுக் கணக்கையே எழுதிவிட்டனர். குப்பையும் ஆவணமாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

போர்த்தா மச்சோரே என்னும் வாயிலின் அருகே ஒரு கல்லறை நிற்கிறது. அதற்குரியவன் யூரிசேசஸ் என்ற ரொட்டிக்காரன். அவன் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவன் என்று அறிஞர் பலர் கருதுவர். மாவு அரைப்பது, பிசைவது, சுடுவது, நிறுப்பது என்று தன் தொழிலின் ஒவ்வொரு படியையும் அவன் கல்லிலே செதுக்கி வைத்தான். பின்னாளில் கோட்டை கட்டியவர்கள் அதை மூடிவிட்டனர். 1838இல் கோட்டைச் சுவரை இடித்தபோது அக்கல்லறை மீண்டும் வெளிச்சம் கண்டது. சீசர்களின் நகரத்தில் ஓர் உழைப்பாளி, ‘நான் இந்த வேலை செய்தேன்’ என்று ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பேராக்கிலிருந்து செல்லும் தமிழன் இந்தக் கல்லறையின் முன் நிற்கவேண்டும். நின்றால் ஒரு வினா தானே எழும். பால்மரம் சீவியவனின் கல் எங்கே?

பேராக்கின் பட்டியல்

பேராக்கில் வரலாற்றுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ காலத்தில் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நின்று வருவோர்க்கு நிழல் தருகிறது. ஹப்பெக் வடிவமைத்து 1917இல் நிறைவுற்ற ஈப்போ இரயில் நிலையத்தின் வெண்ணிறக் கும்மட்டம் நகருக்கு முகமாக விளங்குகிறது. 1938இல் கட்டிய ஈயக் கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் அருகே காட்சிப்பொருளாக நிற்கிறது. பத்து காஜாவுக்கு அண்மையில் கெல்லி கோட்டை உண்டு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துத் தோட்ட முதலாளி, தென்னிந்தியக் கொத்தர்களை வரவழைத்து 1915 முதல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. முதல் உலகப்போரை ஒட்டி வந்த நச்சுக் காய்ச்சலில் அவ்வேலையாள்கள் பலர் மாண்டனர். 1926இல் லிஸ்பன் நகரில் ஸ்மித்தும் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது.

முற்றுப்பெறாத அந்த மாளிகை சுற்றுலா வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டது. மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்கின்றனர். வேலையாள்களுக்காக எழுப்பிய மாரியம்மன் கோயில் சற்றுத் தொலைவில் இருக்கிறது. அதன் மேல்தளத்துச் சுதைகளுக்கிடையே வெள்ளை உடை அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. மாளிகையைப் பார்க்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கோயில்வரை நடக்கின்றனர்? நடப்போருள் எத்தனை பேர், துரையின் சிலையைக் காட்டிய விரலால் கொத்தர்களின் நினைவையும் சுட்டுகின்றனர்? துரைக்கு மாளிகையும் கிடைத்தது, கோயிலில் சிலையும் கிடைத்தது. சுவர் எழுப்பியவர்களுக்கோ ‘பலர் மாண்டனர்’ என்ற இரண்டு சொற்களே கிடைத்தன.

தோட்டங்களின் கதையும் இதுவே. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை கங்காணிகளின் வழியே வந்திறங்கியோர் எண்ணற்றவர். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர் பலர். 1950களில் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை வாங்கச் செய்தார். இவ்வளவு நிகழ்ந்த மண்ணில் பின்னர் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் இடிந்தன. பேராக்கில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றுள் நகரத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பவை பல. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது. அத்தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் மாணவனுக்கு விடை தெரிவதில்லை.

எதிர்வாதம்

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. “லயத்து வாழ்வு இழிவும் துன்பமும் நிறைந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்றதையும், தண்டலின் ஏச்சையும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்றதையும் எங்கள் பிள்ளைகள் அறியவேண்டாம். அதிலிருந்து தப்புவதற்குத்தானே அவர்களைப் படிக்கவைத்தோம்?” என்று முதியோர் கூறுவதுண்டு. துன்பப்பட்டவர்க்கு மறக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை வேறெவரும் பறிக்கலாகாது.

ஆனால் அந்த மறதியால் பயன்பெறுவது யார் என்பதையும் எண்ணவேண்டும். ரோமாபுரியில் கிளாடியேட்டர்களை அடைத்துப் பயிற்றிய கூடம் கொலோசியத்தின் அருகிலேயே தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்பார்ட்டக்கஸின் எழுச்சி முறிந்த பின், கி.மு. 71இல், ஆறாயிரம் அடிமைகள் சிலுவையில் அறையப்பட்ட ஆப்பியப் பெருவழியில் இன்றும் மக்கள் நடந்து செல்கின்றனர். அவ்விடங்களைக் காட்டுவதால் அடிமைகளுக்கு இழிவு வரவில்லை. அடிமைப்படுத்தியவனின் புகழுக்கே அங்கு அளவு குறிக்கப்படுகிறது. லயம் மறைந்து மாளிகை மட்டும் நின்றால், மாளிகைக்கு மறுப்புச் சொல்ல ஒரு சாட்சியும் இராது. இழிவு உழைத்தவனுடையதன்று, மறைக்கவேண்டியவனும் அவனல்லன்.

மற்றொரு தடையும் உண்டு. “ரோமாபுரியில் பளிங்கு, தோட்டத்தில் பலகையும் தகரமும். எதைப் பாதுகாப்பது?” என்பர். ரோமாபுரியையும் கண்மூடிப் பின்பற்றவேண்டியதில்லை. 1930களின் தொடக்கத்தில் முசோலினி, பேரரசர் மன்றங்களின் ஊடே ஓர் அகன்ற சாலை போடுவதற்காக அங்கிருந்த குடியிருப்பை இடித்து, ஏழை மக்களை நகரின் புறத்தே தள்ளினான். கல்லைப் போற்றி மனிதனைத் துரத்தும் அந்தப் பாதுகாப்பு எவருக்கும் வேண்டாம். தோட்டத் தமிழரின் செல்வம் கல்லில் இல்லை. அது அவர்தம் வாயில் இருக்கிறது.

பெரட்டு, செக்ரோல், கிராணி, தண்டல், தீம்பார், நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், கித்தா. இச்சொற்களுள் எத்தனையை ஈப்போத் தமிழ்ப்பள்ளி மாணவன் இன்று விளக்கமுடியும்? சில தமிழ், சில மலாய், சில ஆங்கிலம். எல்லாவற்றையும் பிசைந்து தோட்ட மக்கள் தமக்கென ஒரு வழக்கை ஆக்கிக்கொண்டனர். அதைக் கொச்சை என்று வகுப்பறையிலிருந்து விரட்டியவர்களுள் ஆசிரியரும் உண்டு என்ற உண்மையை மறைத்துப் பயனில்லை. கடல் கடந்து வந்த ஒரு போர்த்துக்கேயத் துறவி பதினாறாயிரம் தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தார். தோட்டத்திலேயே பிறந்து, தமிழையே தொழிலாகக் கொண்டவர்கள் தம் தாயார் பேசிய நூறு சொற்களை எழுதிவைக்கவில்லை என்றால், அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

பயணத் திட்டம்

ஆகவே, ரோமாபுரிக்குச் செல்லட்டும், தடையில்லை. ஆனால் திட்டம் முறையாக அமையட்டும்.

பத்து நாளில் ஏழு தலைநகரம் என்ற ஓட்டத்தை விடுத்து, ரோமாபுரி ஒன்றுக்கே ஐந்து நாள் ஒதுக்கலாம். கொலோசியத்துக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்குவது நன்று. அன்றே மன்றத்தையும் மிளகுப் பண்டகசாலை இருந்த இடத்தையும் காணலாம். இரண்டாம் நாள் ரொட்டிக்காரன் கல்லறைக்கும் தெஸ்தாச்சியோ மேட்டுக்கும் உரியது. மூன்றாம் நாள் வத்திக்கான் அருங்காட்சியகம். அங்குள்ள நூலகத்தின் படிப்பறை ஆய்வாளருக்கு மட்டுமே உரியது. எனினும் அதன் சுவருக்கு அப்பால் தமிழ் நூல்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தடையேதும் இல்லை. நான்காம் நாள் புறநகர் இரயிலேறி, பழைய துறைமுக நகரமான ஓஸ்தியாவுக்குச் செல்லலாம். ஐந்தாம் நாள் ஆப்பியப் பெருவழியில் நடக்கலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் கொடியது. ஆண்டிறுதியில் குளிரும், பொழுது விரைவில் சாய்தலும் உண்டு. தெருவெங்கும் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடுவதால் ஒரு புட்டி கையில் இருந்தால் போதும்.

இத்திட்டத்துக்கு முன்னே இன்னொரு திட்டம் நிற்கவேண்டும். பயணத்துக்கு முந்திய ஆறு சனிக்கிழமைகள் அதற்குப் போதும். குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததோ அந்தத் தோட்டம் இருந்த இடத்துக்கு முதலில் பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும். செம்பனைக்கிடையே கோயில் நின்றால் கோயிலைக் காட்டவேண்டும். இடுகாடு எஞ்சியிருந்தால் அங்குள்ள கற்களின் எழுத்தைப் படியெடுக்கவேண்டும். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ வாழும் எண்பது வயது மூதாட்டி ஒருவரின் அருகில் அமர்ந்து, “பாட்டி, விடியற்காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டு, அவர் சொல்லையே மாற்றாமல் எழுதவேண்டும். பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, கோயிற் கணக்கு, சங்க உறுப்பினர் அட்டை, செக்ரோல் தாள் எது கிடைத்தாலும் கறையானுக்கு விடாமல் படம் பிடித்துப் பள்ளியில் ஒரு படி வைக்கவேண்டும். தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஒரே ஒரு குறிப்பேட்டை இப்படி நிரப்பினாலும் பேராக்குக்கு ஓர் ஆவணக் களஞ்சியம் கிடைத்துவிடும். அதற்குப் பெருநிதி தேவையில்லை, தேவைப்படுவது காலம். அந்தக் காலமே குறுகிவருகிறது. கல் ஈராயிரம் ஆண்டு காத்திருந்தது. எண்பது வயது மூதாட்டி அப்படிக் காத்திருக்க இயலாது.

இந்த ஆறு சனிக்கிழமைகளைச் செலவிட்ட குடும்பம் ரோமாபுரியில் வேறு விதமாக நடக்கும். ரொட்டிக்காரன் கல்லறையின் முன் அதன் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடமாட்டார்கள். பாட்டனாரின் மங்கையும் வாளியையும் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். செலவிடாத குடும்பமோ எங்குச் சென்றாலும் பிறர் வரலாற்றின் வாசலில் நிற்கும் வழிப்போக்கராகவே திரும்பும். இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, பயண முகவரைவிட ஆசிரியப் பெருமக்களுக்கே மிகுதியாக உண்டு. அவர்கள் கடப்பிதழைக் கையிலெடுக்கும் அன்றே ஒரு குறிப்பேட்டையும் எடுக்கட்டும்.